அட்லாண்டாவிலிருந்து வந்த அதிகாரி: 'தி குளோசர்' கேள்வி பதில்

பார்க்காதவர்களுக்காக முதலில் நாலு வரி. 'தி குளோசர்' 2005 முதல் 2012 வரை அமெரிக்காவின் டிஎன்டி சேனலில் 7 சீசன்களாக வந்த குற்றப் புலனாய்வுத் தொடர். மொத்தம் 109 எபிசோட். அட்லாண்டா காவல் துறையில் இருந்த பிரெண்டா லீ ஜான்சன், வேலையோடு ஊரையும் மாற்றிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸுக்கு வருகிறார். அங்கே முக்கியமான கொலை வழக்குகளை மட்டும் விசாரிக்கும் ஒரு பிரிவுக்குத் தலைமை ஏற்கிறார். ஆளை எதிரே உட்காரவைத்துப் பேசியே உண்மையை வாங்கிவிடுவதில் கெட்டிக்காரர். பிரெண்டாவாக நடித்தவர் கைரா செட்ஜ்விக்.

நான் குற்ற வழக்குகள் நடத்தும் வக்கீல். இந்தத் தொடரை முழுசாக ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். வாசகர்களிடமிருந்து ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். முக்கியமான திருப்பங்களைத் தொடும் இரண்டு பதில்களுக்கு முன்னால் எச்சரிக்கை இருக்கிறது. பார்க்காதவர்கள் அவற்றைத் தாண்டிவிடுங்கள்.

கேள்வி (கோவை): இரண்டு எபிசோட் பார்த்தேன் அக்கா. ஊர் மாறி வந்ததை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறார்கள்? அவரை லாஸ் ஏஞ்சலஸ்காரராகவே வைத்திருந்தால் கதை மாறிவிடுமா?

மாறிவிடும். மொத்தத் தொடரும் அந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

உள்ளூர் அதிகாரிக்குப் பிணம் கிடக்கும் தெருவின் பெயரைச் சொன்னாலே போதும், பாதிக் கதையை மனசில் எழுதிவிடுவார். இது கும்பல் தகராறு, இது போதைமருந்து விவகாரம் என்று முடிவு கட்டிவிட்டு அதற்கேற்ற சாட்சியைத் தேடுவார். பிரெண்டாவுக்கு அந்த வசதி இல்லை. எந்தத் தெரு எப்படிப்பட்டது, யார் வீட்டுக் கதவை எப்படித் தட்ட வேண்டும் என்று எதுவும் தெரியாது. எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும். கூட இருப்பவர்கள் சலித்துக்கொள்ளும் அந்தக் கேள்விகளில் ஒன்றுதான் பல நேரம் வழக்கைத் திறந்துவிடுகிறது. இதை எழுத்தாளர்கள் யாரையும் விட்டு வசனமாகச் சொல்லவைப்பதில்லை. நாமே பார்த்துப் புரிந்துகொள்ளும்படி விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு பக்கம், புது ஊரில் அவருக்கு ஆள் கிடையாது. அழைத்து வந்தவர் அசிஸ்டென்ட் சீஃப் வில் போப். ஜே.கே. சிமன்ஸ் நடித்த பாத்திரம். வாஷிங்டனில் வேலை பார்த்த காலத்தில் இருவருக்கும் உறவு இருந்தது. அது முறிந்தும் போயிற்று. அதனால் போப்பின் ஆதரவு பலமாக இல்லாமல் பழியாகவே வந்து சேர்கிறது. அட்லாண்டாவில் விட்டுவந்ததும் ஒரு மணமுறிவும் ஒரு ஒழுங்கு விசாரணையும்தான். முதல் எபிசோடிலேயே பிரிவில் இருக்கும் துப்பறிவாளர்கள் இடமாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒருவர் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டும்போது, "முகத்துக்கு நேரே இப்படித் திட்டு வாங்குவது பிடித்திருந்தால் நான் இன்னும் குடித்தனம் நடத்திக்கொண்டிருப்பேனே" என்ற பொருளில் ஒரு பதில் சொல்வார். குரல் உயராது. அந்த இடத்தில்தான் எனக்கு இந்தப் பெண்மணியைப் பிடித்துப்போனது.

கேள்வி (திருநெல்வேலி): வெளியூர் அதிகாரி என்றால் அப்படியா வெறுப்பார்கள்? கொஞ்சம் மிகையாகத் தெரிகிறது.

லாஸ் ஏஞ்சலஸ் காவல் துறையின் சரித்திரம் தெரிந்தால் மிகை என்று சொல்லமாட்டீர்கள். 1991-இல் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸார் அடித்த காட்சி வீடியோவில் வெளியாகி உலகமே பார்த்தது. அடித்தவர்கள் விடுவிக்கப்பட்டதும் 1992-இல் நகரமே பற்றி எரிந்தது. பழைய தலைவர் டேரில் கேட்ஸ் போக, ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வில்லி வில்லியம்ஸைக் கொண்டுவந்தார்கள். அந்தத் துறைக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பினத்தவர், அதோடு வெளியூர்க்காரர். உள்ளே இருந்தவர்கள் அவரை மனதார ஏற்கவே இல்லை. 1997-இல் ஒரு பதவிக்காலத்தோடு அவர் கிளம்ப வேண்டியதாயிற்று. அப்புறம் 1990-களின் கடைசியில் ராம்பார்ட் ஊழல். கும்பல் ஒழிப்புப் பிரிவுப் போலீஸாரே பொய்ச் சாட்சியங்களை உருவாக்கியது வெளியே வந்து, 2001 முதல் அந்தத் துறை மத்திய அரசின் நீதிமன்றக் கண்காணிப்பின் கீழ் போயிற்று. 2002-இல் மறுபடி ஒரு வெளியூர்க்காரர் தலைவரானார்: நியூயார்க்கின் வில்லியம் பிராட்டன்.

தொடர் தொடங்கியபோது நிஜத் துறை இருந்த நிலை இது. வெளியிலிருந்து ஒருவர் வந்து நம்மைத் திருத்துவதா என்ற கசப்பு அந்தக் கட்டடத்தில் ஏற்கெனவே இருந்தது. பிரெண்டா அதற்குள்தான் காலடி வைக்கிறார், அதுவும் பெண்ணாக, தெற்கத்திப் பேச்சோடு.

கேள்வி (சென்னை): பிரெண்டா வகிக்கும் டெபுடி சீஃப் என்பது எவ்வளவு பெரிய பதவி? அவ்வளவு பெரிய அதிகாரி நேரில் உட்கார்ந்து விசாரிப்பாரா?

மாட்டார். சுமார் 9,000 போலீஸார் உள்ள துறையில் சீஃப் ஒருவர், அவருக்குக் கீழே சில அசிஸ்டென்ட் சீஃப்கள், அடுத்த படி டெபுடி சீஃப். நம்மூர்க் கணக்கில் மாநகரக் கூடுதல் கமிஷனர் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பதவியில் இருப்பவருக்குக் கூட்டம், பட்ஜெட், கோப்பு என்றுதான் நாள் போகும். கொலை விசாரணையைத் துப்பறிவாளர்கள் செய்வார்கள். ஒரே சிறு குழுவில் புரவென்சா, ஃபிளின், டாவ் என்று மூன்று லெஃப்டினன்ட்கள் இருப்பதும் நிஜத்தில் நடக்காத காரியம். நாடகத்துக்காக எடுத்துக்கொண்ட உரிமை இது, நான் குறை சொல்லமாட்டேன். பதவி பெரிதாக இருப்பதால்தான் அவரைத் தள்ளிவிட நினைப்பவர்களும் பெரிய இடத்தில் இருக்கிறார்கள்.

கேள்வி (மதுரை, சட்டக் கல்லூரி மாணவர்): மேடம், போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்றுதான் எங்களுக்குப் பாடம். இங்கே ஏறக்குறைய எல்லா வழக்கும் அதிலேயே முடிகிறதே, எப்படி?

நல்ல கேள்வி தம்பி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் பழைய சாட்சியச் சட்டம், 1872-இல் வந்தது, பிரிவு 25-இல் கறாராகச் சொல்லிவிட்டது: போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, எதிராக நிரூபிக்கக் கூடாது. பிரிவு 26, போலீஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் ஒப்புக்கொண்டாலும், மாஜிஸ்திரேட் உடனிருந்தால் தவிர, அதுவும் செல்லாது என்றது. பிரிவு 27 ஒரு சின்னச் சந்து. எதிரி சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்புக்கு நேரடியாகக் காரணமான பகுதி மட்டும் செல்லும். "கத்தியைக் கிணற்றில் போட்டிருக்கிறேன், வந்தால் எடுத்துத் தருகிறேன்" என்பது உள்ளே வரும். "அந்தக் கத்தியால்தான் குத்தினேன்" என்பது வராது. புலுக்குரி கோட்டையா வழக்கில் 1946-இல், அப்போது நமக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் போட்ட கோடு இது. இன்றைக்கும் கத்தி எடுத்ததைப் பதிவு செய்த மகஜரை வைத்துக் குறுக்கு விசாரணை செய்யும்போது நாங்கள் அந்தக் கோட்டின் மேல்தான் நடக்கிறோம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் இந்த மூன்றும் சேர்ந்து பிரிவு 23 ஆகியிருக்கின்றன. தேர்வில் எண்ணை மாற்றி எழுதிவிடாதீர்கள்.

அமெரிக்காவில் இப்படி முழுத் தடை இல்லை. போலீஸிடம் சொன்னாலும் செல்லும். தானாக முன்வந்து சொன்னதா, உரிமைகளை எடுத்துச் சொன்னார்களா என்று பார்ப்பார்கள். உரிமை சொல்வது என்றால் மிராண்டா எச்சரிக்கை: நீ பேசாமல் இருக்கலாம், பேசினால் உனக்கு எதிராகப் பயன்படும், வக்கீல் வைத்துக்கொள்ளலாம், வசதி இல்லையென்றால் அரசு வைத்துக் கொடுக்கும். 1966-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. எர்னஸ்டோ மிராண்டாவின் ஒப்புதலை அந்தத் தீர்ப்பு தள்ளிவிட்டது. அதில்லாமலே மறு விசாரணை நடந்து, அவர் மறுபடி தண்டிக்கப்பட்டார் என்பது பலருக்குத் தெரியாது.

இப்போது விசாரணை அறையில் பிரெண்டாவைப் பாருங்கள். கலைந்த காகிதக் கட்டோடு உள்ளே வருவார். அந்தப் பெரிய கைப்பையைக் கீழே வைப்பார், எதையோ தேடுவார், மன்னிப்புக் கேட்பார். எதிரே இருப்பவர் 'இந்தம்மாவா நம்மைப் பிடிக்கப்போகிறது' என்று நினைக்கத் தொடங்குவார். அந்த நேரம் பார்த்து, ஏதோ அலுவலகச் சடங்கு போல, எச்சரிக்கையைச் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுவார். சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் தன் வாழ்க்கையின் மிக முக்கியமான காகிதத்தில் கையெழுத்துப் போட்டோம் என்பது அந்த ஆளுக்கு உறைப்பதில்லை. ஒரு வக்கீலாக எனக்கு அங்கே வயிறு கலங்கும்.

வழக்கு அங்கேயே முடிவதற்கும் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் தண்டனைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் முழு விசாரணை நடக்காமல், குற்றத்தை ஒப்புக்கொண்டு பேரம் பேசித் தீர்பவை. வாக்குமூலம் கையில் வந்துவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வாதாட அதிகம் மிஞ்சாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நல்ல எபிசோடுகளில் அவர் "நீதானே செய்தாய்" என்று நெருக்குவதோடு நிற்பதில்லை. செய்தவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய ஒரு சின்ன விவரம் அவர்கள் வாயிலிருந்தே விழும்வரை பேச்சை நீட்டுவார். ஒரு வாக்குமூலத்துக்கு உயிர் அதில்தான் இருக்கிறது. மூன்று எதிரிகளின் வாக்குமூலமும் வரிக்கு வரி, காற்புள்ளி உட்பட ஒன்றாகவே இருந்த கேஸ் கட்டை வைத்து நான் வாதாடியிருக்கிறேன். அப்படிப்பட்ட காகிதத்தைப் படித்துப் பழகிய கண்ணுக்கு பிரெண்டாவின் பொறுமை பெரிய விஷயம்.

கேள்வி (புதுச்சேரி): ஆனால் அவர் பொய் சொல்லித்தானே வாங்குகிறார்! "உன் கூட்டாளி ஒப்புக்கொண்டுவிட்டான்" என்று அப்பட்டமாகப் புளுகுகிறார். இது அங்கே குற்றம் இல்லையா?

இல்லை. 1969-இல் ஃபிரேசியர் எதிர் கப் என்ற வழக்கில் நீங்கள் சொன்ன அதே பொய்தான் விஷயம். கொலை வழக்கில் சிக்கியவரிடம் "உன் உறவுக்காரன் ஒப்புக்கொண்டான்" என்று போலீஸ் பொய் சொன்னது. அதனால் மட்டும் வாக்குமூலம் செல்லாமல் போகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடி, மிரட்டல் கூடாது. பொய் சொல்லலாம். அந்த நாட்டு விசாரணை முறையே இதன்மேல் கட்டியதுதான்.

இதன் விலை சின்னதில்லை. 1989-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஓடப்போன ஒரு பெண் தாக்கப்பட்ட வழக்கில் ஐந்து விடலைப் பையன்கள் தண்டிக்கப்பட்டார்கள். மணிக்கணக்கான விசாரணையில் வாங்கிய வாக்குமூலங்கள்தான் முக்கிய ஆதாரம். 2002-இல் உண்மையான குற்றவாளி ஒப்புக்கொண்டு, டி.என்.ஏ.வும் பொருந்திய பிறகு ஐவர்மீதான தண்டனையும் ரத்தானது. செய்யாத குற்றத்தை ஏன் ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்பவர்கள் அந்த வழக்கைப் படித்துப் பார்க்க வேண்டும். தூக்கமில்லாமல், வீட்டுக்குப் போனால் போதும் என்ற நிலையில் இருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை எதையும் ஒப்புக்கொள்ளும். இல்லினாய்ஸ் மாநிலம் 2021-இல் சட்டம் போட்டு, 18 வயதுக்கு உட்பட்டவர்களிடம் இப்படிப் பொய் சொல்லி வாங்கும் வாக்குமூலத்துக்கு முட்டுக்கட்டை போட்டது. அந்த நாட்டில் அதுதான் முதல் சட்டம்.

இந்தத் தொடரில் பிரெண்டா விசாரிப்பவர்கள் பெரும்பாலும் நிஜமாகவே குற்றவாளிகள். அதனால் பொய் நமக்கு இனிக்கிறது. என் பெரிய மனத்தாங்கல் இது. அப்பாவி ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து உடைந்துபோவதை இவர்கள் இன்னும் பல முறை காட்டியிருக்க வேண்டும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அந்த அம்மாவின் இழுத்து இழுத்துப் பேசும் பேச்சு காதில் உறுத்துகிறது. எனக்கு மட்டும்தானா?

உங்களுக்கு மட்டும் இல்லை. அமெரிக்கர்களிலேயே பலர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். செட்ஜ்விக் நியூயார்க்கில் பிறந்தவர். அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலத்துப் பேச்சை இந்தப் பாத்திரத்துக்காகக் கொண்டுவந்தார். கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கிறது. ஆனால் "மிக்க நன்றி" என்று அவர் இழுப்பதைச் சீசனுக்குச் சீசன் கவனியுங்கள். முதலில் வெறும் மரியாதை மாதிரி இருக்கும். போகப்போக, 'பேச்சு முடிந்தது, நீங்கள் போகலாம்' என்ற உத்தரவாகவே கேட்கும். நம் வீட்டுப் பெரியம்மா ஒருவர் "சரி சாமி, நல்லா இரு" என்று சொல்லி அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவிடாமல் வழியனுப்புவாரே, அந்தச் சாமர்த்தியம். இந்தப் பாத்திரத்துக்காக அவருக்கு 2007-இல் கோல்டன் குளோபும் 2010-இல் எம்மியும் கிடைத்தன.

கேள்வி (சேலம்): தொடக்கத்தில் வழி தெரியாமல் காரில் திண்டாடுகிறார். அத்தனை வருஷ அனுபவம் உள்ள அதிகாரி இப்படியா?

லாஸ் ஏஞ்சலஸ் மாநகரம் மட்டும் 1,200 சதுர கிலோமீட்டர் நிலம். ஒரு தெருவைத் தாண்டினால் வேறு போலீஸ். பெவர்லி ஹில்ஸ், சான்டா மோனிகா எல்லாம் தனி நகரங்கள், தனிக் காவல் துறை வைத்திருக்கின்றன. மேற்கு ஹாலிவுட்டை கவுன்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) போலீஸான ஷெரிஃப் துறை பார்க்கிறது. அந்தக் கவுன்டிக்குள் மட்டும் 88 நகரங்கள். பிணம் எந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கிடக்கிறது என்பதே ஒரு சண்டை. உள்ளூர்க்காரர்களே ஃப்ரீவே எண்ணை வைத்துத்தான் வழி சொல்வார்கள். போன் வழி சொல்லும் காலத்துக்கு முந்தைய 2005-இல் வந்து இறங்கியவர் தடுமாறுவது எனக்கு மிகையாகப் படவில்லை. குழுவில் இருக்கும் சார்ஜென்ட் கேப்ரியல் அவருக்கு முதலில் நெருக்கமானதற்குக் காரணமும் ஒரு வகையில் இதுதான். கூடவே வண்டி ஓட்டிக்கொண்டு போகிறார், வழியிலேயே ஊரைச் சொல்லிக் கொடுக்கிறார்.

கேள்வி (திருச்சி): குழுவில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? வெறுத்தவர்கள் எப்போது மாறுகிறார்கள்?

லெஃப்டினன்ட் புரவென்சா. ஜி.டபிள்யூ. பெய்லி நடித்திருக்கிறார். ஓய்வு வயதில் இருக்கும் முசுடு. முதல் நாள் அவர் முகத்தில் இருந்த வெறுப்பும் கடைசி சீசனில் பிரெண்டாவுக்காக அவர் நிற்கும் நிலையும் இடையில் ஏழு வருஷம் நடந்தது என்பதை நம்பவைக்கின்றன. முதல் சீசன் முடிவில், அதே துறையில் அவருக்கு எதிராக நிற்கும் கேப்டன் டெய்லரின் காய்நகர்த்தலால் பிரெண்டாவின் பதவி ஆட்டம் காணும்போது, இடமாற்றம் கேட்ட அதே ஆட்கள் அவருக்காக வேலையை விடவும் தயாராகிறார்கள். மேடைப் பேச்சு எதுவும் கிடையாது. அவர் வேலை செய்யும் விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். புரவென்சாவும் ஃபிளினும் சேர்ந்து ஏடாகூடம் செய்யும் எபிசோடுகளைத் தவறவிடாதீர்கள், சிரித்து மாளாது.

கேள்வி (ஈரோடு): மேசை இழுப்பறையில் இனிப்பை ஒளித்துவைத்துத் தின்பதற்கு ஏதாவது உள்அர்த்தம் உண்டா?

பொய் சொல்லிப் பிழைப்பவர் தன்னிடமே சொல்லிக்கொள்ளும் ஒரே பொய் அது என்று எனக்குப் படுகிறது. 'இனிமேல் தொடமாட்டேன்' என்று இழுப்பறையைச் சாத்துவார், வழக்கு இறுகியதும் மறுபடி திறப்பார். அந்தச் சாக்லேட் கேக்கைக் கண்ணை மூடிக்கொண்டு அவர் தின்னும் விநாடி மட்டும்தான் அன்றைய நாளில் அவருக்கே சொந்தமானது.

எச்சரிக்கை: அடுத்த இரண்டு பதில்களிலும் பின்பாதிக் கதை இருக்கிறது.

கேள்வி (தஞ்சாவூர்): டுரெல் பேய்லர் விவகாரத்தில் நீங்கள் யார் பக்கம்? எனக்கு பிரெண்டா செய்தது சரி என்றே படுகிறது.

நான் உங்கள் பக்கம் இல்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கும்பலைச் சேர்ந்த டுரெல் பேய்லரிடம், உன்மேல் வழக்குப் போடமாட்டோம் என்று எழுதிக் கொடுத்து ஒரு கொலை வழக்கில் சாட்சியம் வாங்குகிறார்கள். நம்மூர் அப்ரூவர் மாதிரி. அப்புறம்தான் கொன்றவனே அவன் என்று தெரிகிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதால் கைவைக்க முடியாது. பிரெண்டா அவனைக் காரில் ஏற்றி அவன் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய் விடுகிறார். அவன் காட்டிக்கொடுத்த கும்பல் அங்கே காத்திருக்கிறது. இறங்க மறுக்கும் அவனை இறக்கிவிட்டு, கார் கிளம்புகிறது. அவனை அடித்தே கொன்றுவிடுகிறார்கள்.

பார்க்கும்போது மனசு ஒரு விநாடி 'சரிதான்' என்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் செய்தது தண்டனை கொடுக்கும் வேலை. அந்த அதிகாரத்தை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. காவலில் இருப்பவனின் உயிருக்குக் காவல் துறைதான் பொறுப்பு என்பது இங்கேயும் அங்கேயும் ஒன்றே. நம் உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் வகுத்த விதிகள், கைதான நேரத்தைக் குறிப்பது, சொந்தக்காரருக்குச் சொல்வது, மருத்துவப் பரிசோதனை செய்வது, எல்லாம் இந்தப் பொறுப்பிலிருந்து பிறந்தவைதான். கேட்க ஆள் இல்லாதவனுக்குத்தான் விதி தேவை. நல்லவனுக்கு மட்டும் விதி போதும் என்றால் என் தொழிலே தேவையில்லை.

தொடரின் பெருமை என்னவென்றால், இதை இவர்கள் மறந்துவிடவில்லை. வேறு தொடராக இருந்தால் அடுத்த வாரம் அடுத்த பிணம் என்று போயிருக்கும். இங்கே பேய்லரின் குடும்பம் சார்பில் வழக்கறிஞர் கோல்ட்மேன் வழக்குப் போடுகிறார். கேப்டன் ஷேரன் ரேய்டர் விசாரிக்கிறார். மேரி மெக்டொனல் நடித்த பாத்திரம். போலீஸார் பலப்பிரயோகம் செய்தால் விசாரிக்கும் பிரிவின் தலைவர். நீதிமன்றக் கண்காணிப்புக் காலத்தில் நிஜ லாஸ் ஏஞ்சலஸ் துறையிலும் அப்படி ஒரு பிரிவு வந்திருந்தது. பிரெண்டாவின் ஏழு வருஷ வழக்குகளையும் கோல்ட்மேன் தோண்டுகிறார். நாம் கைதட்டி ரசித்த பொய்கள், தந்திரங்கள் எல்லாம் அங்கே குற்றச்சாட்டுகளாக வரிசையில் நிற்கின்றன. உள்ளேயிருந்து தகவல் கசிவதும் தெரிகிறது. கசிந்தது கேப்ரியல் வழியாக, அவர் பழகிய பெண்ணை நம்பிப் பேசியதால். முதலில் வந்து பக்கத்தில் நின்றவர் வழியாகவே வந்தது என்பதுதான் வலி. கடைசியில், ஒருவரை விடுவிக்கும்போது அவர் பாதுகாப்பையும் போலீஸ் உறுதிசெய்ய வேண்டும் என்று பிரெண்டாவின் பெயரிலேயே ஒரு விதி உருவாகிறது.

கேள்வி (கும்பகோணம்): அம்மா இறக்கும் எபிசோடைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாக இல்லை. அதை அப்படி வைத்திருக்க வேண்டுமா?

வைத்திருக்கத்தான் வேண்டும் என்பேன். அம்மா வில்லி ரே மகளிடம் ஏதோ பேச வேண்டும் என்கிறார். பிரெண்டாவுக்கு வேலை, அப்புறம் பேசலாம் என்கிறார். மறுநாள் காலையில் காபியோடு போய் எழுப்பினால் அம்மா எழவில்லை. என்ன சொல்ல நினைத்தார் என்பதைக் கடைசிவரை நமக்குச் சொல்லவே மாட்டார்கள். முன்பின் தெரியாத கொலைகாரன் வாயிலிருந்து எதையும் வரவழைக்கத் தெரிந்தவர், தானாகச் சொல்ல வந்த அம்மாவைக் கேட்காமல் விட்டுவிட்டார். ஃபிரான்சஸ் ஸ்டெர்ன்ஹேகன் அந்த அம்மாவை எவ்வளவு இயல்பாகச் செய்திருக்கிறார்! அட்லாண்டாவிலிருந்து பெற்றோர் வந்து இறங்கும் எபிசோடுகளில் பிரெண்டா சட்டென்று பத்து வயது குறைந்து நிற்பார். வீட்டில் அத்தனையும் மறைப்பார், காதலர் ஃபிரிட்ஸோடு சேர்ந்து வாழ்வதைக்கூட. பெரிய அதிகாரிக்கும் அம்மாவிடம் பயம் போகாது என்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய குற்றத் தொடர் குறைவு.

கேள்வி (நாகர்கோவில்): எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளோடு பார்க்கலாமா?

இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். ரத்தத்தை அள்ளித் தெளிக்கும் தொடர் இல்லை. ஆனால் பிணங்களைக் காட்டுவார்கள். குழந்தைகள் கொலை, பாலியல் குற்றம் சம்பந்தமான வழக்குகள் வரும். பதினாறு வயதுக்குமேல் கூட உட்கார்ந்து பாருங்கள். முதல் எபிசோடில் தொடங்கினாலே போதும்.

கேள்வி (பெங்களூர்): முடித்துவிட்டேன். அடுத்து என்ன? இதே மாதிரி ஊர் மாறி வரும் துப்பறிவாளர் தொடர்கள் வேறு உண்டா?

முதலில் 'மேஜர் கிரைம்ஸ்'. 'தி குளோசர்' முடிந்த அதே இரவில், 2012 ஆகஸ்ட் 13-இல், தொடங்கிய தொடர்ச்சி இது. 2018 ஜனவரிவரை 6 சீசன். அதே குழு, தலைமை மட்டும் ஷேரன் ரேய்டர். பிரெண்டா வாக்குமூலம் தேடினார் என்றால் ரேய்டர் அரசு வக்கீலோடு உட்கார்ந்து பேரம் பேசுகிறார். என் தொழிலுக்கு அது இன்னும் நெருக்கம், சில இடங்களில் இதைவிடவும் பிடிக்கும். ஆனால் முந்தையதைப் பார்க்காமல் அதைத் தொடாதீர்கள், பாதி ஆட்களின் மனக்கசப்பு புரியாது.

ஊர் மாறும் கதை என்றால் பழையதில் 'மெக்கிளவுட்', 1970-களில் வந்தது, நியூ மெக்சிகோ மார்ஷல் ஒருவர் நியூயார்க்கில். 'டியூ சவுத்', கனடாவின் மவுன்டி (குதிரைப்படைப் போலீஸ்) அதிகாரி சிகாகோவில். 'எலிமென்டரி', ஷெர்லாக் ஹோம்ஸை இந்தக் காலத்து நியூயார்க்குக்குக் கொண்டுவந்தது. 'டெத் இன் பாரடைஸ்' லேசான மனநிலையில் பார்க்க, லண்டன் அதிகாரி கரீபியன் தீவில். அதில் கதாநாயகர்களே மாறிக்கொண்டிருப்பார்கள், ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் அந்த வெயிலில் வந்து இறங்குவார். ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் 'எலிமென்டரி' எடுங்கள். முதல் சீசன் 24 எபிசோட், பெங்களூர் டிராஃபிக்கில் ஒரு மாதத்துக்கு வரும்.